துணையோடு ஓடும் நெடுவழி



கால்பந்தாட்டத்துக்குப் பதினொருவர் வேண்டும்; சடுகுடுவுக்கு எழுவர் வேண்டும்; சதுரங்கத்துக்குக்கூட எதிரே ஒருவர் அமர வேண்டும். ஓடுவதற்கு மட்டும் எவர் துணையும் வேண்டியதில்லை என்று நாம் எண்ணுகிறோம். இரண்டு கால்களும் ஒரு சாலையும் இருந்தால் போதும் அன்றோ? வெற்றி தோல்வி எதுவாயினும் அது ஓடுபவன் ஒருவனுக்கே உரியது என்பது நம் கருத்து.

ஆயினும், உலகின் பெருநகரங்களில் ஆண்டுதோறும் நடைபெறும் நெடுந்தூரச் சாலை ஓட்டங்களைக் கூர்ந்து நோக்கினால் வேறொரு காட்சியையும் காணலாம். பல்லாயிரவர் செல்லும் அப்பெருங்கூட்டத்தின் நடுவே ஆங்காங்கே இருவர் இருவராகத் தோளோடு தோள் சேர்ந்து ஓடுகின்றனர். கணவனும் மனைவியும், தந்தையும் மகளும், கல்லூரித் தோழர் இருவர், கண்ணொளி இழந்தவரும் அவருக்கு வழிகாட்டுபவரும் எனப் பலர் அவ்வாறு செல்கின்றனர். இருவர் சேர்ந்து ஓடினால் அந்த ஓட்டம் யாருடையது? ஒருவர் தளர்ந்தால் மற்றவர் நிற்க வேண்டுமா, செல்ல வேண்டுமா? துணை என்பது எந்த அளவில் உதவி, எந்த அளவில் முறைகேடு? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம். இதற்கு லண்டன் மாநகரையே பெரும்பாலும் சான்றாகக் கொள்கிறேன். ஏனெனில் இவ்வினாக்கள் ஒவ்வொன்றும் அந்நகரத்துச் சாலைகளில் உண்மையாகவே எழுந்திருக்கின்றன.

முதலில் தூரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாரத்தான் ஓட்டத்தின் நீளம் இன்று 42.195 கிலோமீட்டர், பழைய கணக்கில் 26 மைல் 385 கெஜம். இந்த விந்தையான அளவு 1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் விழாவில் பிறந்தது. விண்ட்ஸர் அரண்மனையருகே தொடங்கிய அவ்வோட்டம், ஒயிட் சிட்டி விளையாட்டரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த மேடைக்கு எதிரே முடிவடைந்தது. அன்று அவ்விரண்டு இடங்களுக்கும் இடையே இருந்த தூரமே பின்னர் 1921-ஆம் ஆண்டில் நிலையான அளவாக ஏற்கப்பட்டது.

அதே ஓட்டத்தில்தான் நம் முதல் வினாவும் பிறந்தது. 1908 ஜூலை 24-ஆம் நாள் விளையாட்டரங்குக்குள் முதலாவதாக நுழைந்தவர் இத்தாலி நாட்டு டொராண்டோ பியெட்ரி. அவர் உடல் முற்றும் ஓய்ந்திருந்தது. செல்ல வேண்டிய திசைக்கு மாறான திசையில் திரும்பினார், விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். கண்டு பொறாத அதிகாரிகள் அவரைத் தூக்கி நிறுத்தி எல்லைக்கோட்டைக் கடக்கச் செய்தனர். அமெரிக்கர் முறையிட்டனர். பிறர் கையால் தாங்கப்பெற்றவரை வென்றவராகக் கொள்ளலாகாது என்று பியெட்ரி நீக்கப்பட்டார். அடுத்து வந்த அமெரிக்கர் ஜானி ஹேய்ஸுக்கே தங்கப் பதக்கம் சென்றது. மறுநாள் அரசி அலெக்ஸாண்ட்ரா பியெட்ரிக்கு ஒரு வெள்ளிக் கிண்ணத்தைப் பரிசாக அளித்தார். விதி ஒன்று சொல்லிற்று. நெஞ்சம் மற்றொன்று சொல்லிற்று. இரண்டையும் அந்நகரம் அன்று மதித்தது.

இனி, துணையின் வரலாற்றில் மற்றொரு நாளைக் காண்போம். 1954-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரத்து இஃப்லி சாலை ஓடுகளத்தில் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். நான்கு நிமிடத்துக்குள் மைலைக் கடந்த முதல் மனிதர் அவரே. ஆனால் அவர் தனியே ஓடவில்லை. முதலிரண்டு சுற்றுகளிலும் அதற்குச் சற்று மேலும் கிறிஸ் பிராஷர் முன்னே ஓடி வேகம் காட்டினார். பின்பு கிறிஸ் சட்டவே அப்பணியை ஏற்றார். கடைசிப் பகுதியில்தான் பானிஸ்டர் இருவரையும் விட்டு முன்னேறினார். தொடக்கத்தில் ஊக்கம் மிகுந்த பானிஸ்டர், இன்னும் விரைவாகச் செல்லுமாறு பின்னிருந்து கூவினார். பிராஷர் தம் வேகத்தை மாற்றவில்லை. அவர் மாற்றாமல் இருந்ததே நன்மையாயிற்று என்பதைப் பானிஸ்டர் பின்னர் ஒப்புக்கொண்டார். நல்ல துணையின் இலக்கணத்தில் பாதி இதில் அடங்கிவிடுகிறது. தோழன் ஆவலில் கேட்பதையெல்லாம் கொடுப்பவன் துணைவன் அல்லன். இருவரும் முன்பே முடிவு செய்ததைக் காப்பவனே துணைவன்.

இந்தப் பிராஷர் 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 3,000 மீட்டர் தடை தாண்டி ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1952-இல் ஹெல்சிங்கி நகரில் அதே ஓட்டத்தில் வெண்கலம் பெற்ற ஜான் டிஸ்லி அவருடைய நண்பர். 1979-ஆம் ஆண்டில் நண்பர் இருவரும் நியூயார்க் நகர மாரத்தானில் கலந்துகொண்டனர். பல இனத்தாரும் பல வயதினரும் ஒரே சாலையில் ஓட, நகர மக்கள் இருபுறமும் நின்று முன்பின் அறியாதவர்களை வாழ்த்தும் காட்சி அவர்கள் உள்ளத்தைக் கவர்ந்தது. இத்தகைய விழா லண்டனிலும் வேண்டும் என்று பிராஷர் ‘அப்சர்வர்’ இதழில் எழுதினார். எழுதியதோடு நில்லாமல் இருவரும் உழைத்தனர். 1981-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள், மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, முதல் லண்டன் மாரத்தான் நடைபெற்றது.

அந்நாளின் முடிவுதான் நம் பொருளுக்கு இன்றியமையாதது. அமெரிக்கர் டிக் பியர்ட்ஸ்லியும் நார்வே நாட்டு இங்கே சிமொன்சனும் கடைசி மைல்களில் ஒருவரை ஒருவர் உதற முடியாமல் இணைந்தே ஓடி வந்தனர். எல்லைக்கோடு நெருங்கியபோது, கடைசி நொடியில் முந்தப் பார்க்காமல், கைகோத்து ஒன்றாகக் கடந்தனர். இருவர்க்கும் ஒரே நேரம்: 2 மணி 11 நிமிடம் 48 விநாடி. இருவரும் வென்றவராக அறிவிக்கப்பெற்றனர். பெண்களில் பிரிட்டனின் ஜாய்ஸ் ஸ்மித் 2 மணி 29 நிமிடம் 57 விநாடியில் முதலிடம் பெற்றார். அன்று ஓடி முடித்தவர் 6,255 பேர். 2025-ஆம் ஆண்டில் அதே ஓட்டத்தை முடித்தவர் தொகை 56,000-க்கும் மேல்.

கைகோத்து ஓடுவதே உயர்ந்தது, போட்டியிடுவது தாழ்ந்தது என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். அதே பியர்ட்ஸ்லி மறு ஆண்டு, 1982 ஏப்ரலில், பாஸ்டன் மாரத்தானில் ஆல்பெர்ட்டோ சலசாருடன் நெடுந்தூரம் நிழலும் உருவும் போல ஓடினார். அன்று கைகோக்கவில்லை. இறுதிவரை மோதினர், சலசார் 2 மணி 8 நிமிடம் 52 விநாடியிலும் பியர்ட்ஸ்லி 2 மணி 8 நிமிடம் 54 விநாடியிலும் முடித்தனர். இரண்டே விநாடி வேற்றுமை! அருகே ஒருவர் இராவிட்டால் மற்றவர் அவ்வளவு விரைந்திருக்க மாட்டார். எதிரியும் ஒருவகைத் துணையே என்பதற்கு அந்த ஓட்டம் சான்று.

ஆகவே துணையில் வகைகள் உண்டு. சமவலிமை உடையார் இருவர் ஒருவரையொருவர் தூண்டிச் செல்வது ஒருவகை. முன்னே ஓடி வேகம் காட்டுவது இரண்டாம் வகை. காண இயலாதவர்க்குக் கண்ணாய் நிற்பது மூன்றாம் வகை. வேகத்தில் வேறுபட்ட இருவர், சேர்ந்து முடிப்பதொன்றையே குறிக்கோளாகக் கொண்டு ஓடுவது நான்காம் வகை. உங்களுள் பலர் என்றேனும் ஒரு நாள் மேற்கொள்ளக்கூடியது இந்த நான்காம் வகையே. எனவே இதைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

உடல் நூலிலிருந்து தொடங்குவோம். ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு, அவர் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1 கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் 42 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 2,520 கலோரி வேண்டும். தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சத்து 400 முதல் 500 கிராம் வரை இருக்கலாம். அது தரும் ஆற்றல் 1,600 முதல் 2,000 கலோரி. வரவுக்கும் செலவுக்கும் இடையே துண்டு விழுவதைக் காண்கிறீர்கள். மீதியை உடற்கொழுப்பு ஈடு செய்கிறது. ஆனால் கொழுப்பு மெல்ல எரிவது. விறகடுப்பில் பச்சை விறகு போன்றது. வேகம் கூடக் கூட உடல் கொழுப்பை விட்டுச் சர்க்கரையையே மிகுதியாக எரிக்கிறது. தன் சக்திக்கு மேல் விரைபவனுடைய சர்க்கரை 30-ஆம் கிலோமீட்டரை ஒட்டித் தீர்ந்துபோகிறது. அப்போது கால்கள் ஈயம்போல் கனக்கின்றன; சிந்தையும் மங்குகிறது. ஓட்டக்காரர்கள் இதனைச் ‘சுவரில் மோதுதல்’ என்று கூறுவர்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். அண்ணன் ஒரு கிலோமீட்டரை 6 நிமிடத்தில் ஓடிக்கொண்டே முழுத் தூரத்தையும் முடிக்க வல்லவன். தம்பிக்கு 7 நிமிடம் வேண்டும். தனித்தனியே ஓடினால் அண்ணன் 4 மணி 13 நிமிடத்திலும் தம்பி 4 மணி 55 நிமிடத்திலும் முடிப்பர். சேர்ந்து ஓட விரும்பினால் என்ன வேகத்தில் ஓடுவது? “இரண்டுக்கும் நடுவே ஆறரை நிமிடம்” என்றுதான் பலரும் விடை சொல்வார்கள். விட்டுக்கொடுத்தலில் அது நியாயமாகவும் தோன்றும். ஆனால் உடலுக்குச் சராசரி தெரியாது. ஆறரை நிமிட வேகத்தில் தம்பி ஒவ்வொரு கிலோமீட்டரிலும் தன் எல்லைக்கு மேல் அரை நிமிடம் விரைகிறான். 30 கிலோமீட்டர் வரையில் 15 நிமிடம் மிச்சப்படுத்துகிறான். அங்கே சர்க்கரை தீர்கிறது. எஞ்சிய 12 கிலோமீட்டரையும் கிலோமீட்டருக்கு 12 நிமிடமாக நடந்து கடப்பதாகக் கொண்டால், அப்பகுதியில் மட்டும் ஒரு மணி நேரத்தை இழக்கிறான். மொத்தம் 5 மணி 41 நிமிடம் ஆகிறது. பொறுமையாக 7 நிமிட வேகத்திலேயே சென்றிருந்தால் முக்கால் மணி நேரம் முன்னதாக, அதுவும் சிரித்த முகத்தோடு முடித்திருப்பார்கள்.

ஆகவே இருவர் ஓட்டத்தின் முதல் விதி இதுதான்: இணையின் வேகம் என்பது இருவரில் மெதுவானவரின் வேகமே. விரைவானவர் தம் கடிகாரத்தைத் தொடக்கக்கோட்டிலேயே துறந்துவிட வேண்டும். அதற்கு மனம் இல்லையானால் தனியே ஓடுவதில் இழிவு ஒன்றும் இல்லை. துணையாக ஓடுவதாகச் சொல்லிவிட்டு, நான்கு அடி முன்னே ஓடித் திரும்பித் திரும்பிப் பார்ப்பதுதான் இழிவு. பின்னே வருபவருக்கு அந்த நான்கு அடி ஓயாத ஒரு கண்டனம் போல் தோன்றும்.

பள்ளிகளின் ஆண்டு விழாவில் நடைபெறும் மூன்றுகால் ஓட்டத்தை நீங்கள் அறிவீர்கள். ஒருவன் இடக்காலையும் மற்றவன் வலக்காலையும் சேர்த்துக் கட்டி ஓடவிடுவது அது. தலைமையாசிரியனாகப் பல ஆண்டுகள் அதனைக் கண்டிருக்கிறேன். பள்ளியிலேயே விரைவாக ஓடும் மாணவர் இருவர் தமக்குள் சேர்ந்துகொண்டு முதல் பத்தடியிலேயே குப்புற விழுவர். நடுத்தரமான இருவர், தோளில் கை போட்டு, “ஒன்று, இரண்டு” என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டு அவர்களைக் கடந்து செல்வர். வெல்வது வேகம் அன்று, இசைவு. நெடுந்தூர ஓட்டத்தில் கால்களைக் கட்டுவதில்லை என்பதொன்றே வேற்றுமை.

விரைவானவருக்கு இதில் கிடைப்பது என்ன என்று நீங்கள் கேட்கலாம். இருவர்க்கும் பொதுவான பயன் ஒன்று உண்டு, அது பேச்சு. ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அவ்வேகம் நெடுந்தூரத்துக்கு ஏற்றது. சொல் சொல்லாக மூச்சுவாங்கிப் பேச நேர்ந்தால் அது மிகுதி. தனியே ஓடுபவனுக்கு இச்சோதனை எளிதில் வாய்ப்பதில்லை. துணையோடு ஓடுபவனுக்கு ஒவ்வொரு நிமிடமும் வாய்க்கிறது. தொடக்கத்துப் பேண்டு வாத்தியமும் மக்கள் ஆரவாரமும் எவரையும் மயக்கி விரைவுபடுத்தும். அம்மயக்கத்தை “மெல்லப் போகலாம்” என்ற ஒரு சொல் தெளிவித்துவிடும். பிராஷர் பானிஸ்டருக்குச் செய்த உதவியும் இத்தகையதே அன்றோ?

இனி நடைமுறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். துணையைத் தேர்ந்தெடுக்கும்போது வேகத்தைவிட நேரந்தவறாமையையே நோக்குங்கள். பல மாதப் பயிற்சிக்கு விடியற்காலையில் வாராத நண்பன், ஓட்டத்தன்றும் எவ்வாறு நடந்துகொள்வான் என்று உறுதி சொல்ல இயலாது. நீண்ட பயிற்சி ஓட்டங்களில் சிலவற்றையேனும் சேர்ந்தே ஓடுங்கள். எங்கே அவர் மௌனமாகிறார், எதனால் சினம் கொள்கிறார் என்பதை அப்போதுதான் அறிவீர்கள். களைத்தவருக்கு ஊக்கச் சொல் சிலருக்கு மருந்து, சிலருக்கு நஞ்சு. எது என்பதை முன்பே கேட்டுவிடுவது நன்று.

ஓட்டத்தன்று தொடக்கக்கோட்டை இருவரும் ஒன்றாகக் கடக்க வேண்டும். லண்டன் போன்ற பெரிய ஓட்டங்களில் மக்களைப் பல அலைகளாகப் பிரித்து அனுப்புகின்றனர். ஒவ்வொருவர் அணிந்துள்ள சிறு மின்னணுச் சில்லும், அவரவர் கோட்டைக் கடக்கும் நொடியிலிருந்து நேரத்தைக் கணக்கிடுகிறது. எனவே முன்னே முண்டியடிப்பதால் பயன் இல்லை. சாலை அகன்ற இடத்தில் அருகருகே ஓடலாம்; குறுகிய இடத்தில் ஒருவர் பின் ஒருவராகச் செல்வதே முறை. நாம் இருவர் நண்பர் என்பது நமக்குப் பெரிது. பின்னே வருபவருக்கு நாம் வழியை அடைத்து நிற்கும் சுவர். கூட்டத்தைக் கடக்க வளைந்து வளைந்து ஓடுவதும் வீண். லண்டன் சாலையில் மிகக் குறுகிய வழியை நீலக்கோடு ஒன்று காட்டுகிறது. அதைவிட்டு விலகும் ஒவ்வொரு அடியும் 42 கிலோமீட்டருக்கு மேல் நாமாகச் சேர்த்துக்கொள்ளும் தண்டனை.

தண்ணீர் வழங்குமிடத்தில் இணைகள் பிரிந்துபோவது வழக்கம். “தண்ணீர் மேசைகள் முடிந்த பின் வலப்பக்கத்து ஓரத்தில் சந்திப்போம்” என்று முன்பே சொல்லி வைத்தால் தேடலும் பதற்றமும் இல்லை. தண்ணீரைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. குறைவாகக் குடிப்பது தீங்கு என்பதை எல்லாரும் அறிவர். அளவுக்கு மீறிக் குடிப்பதும் தீங்கே. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவருள் 488 பேரின் இரத்தத்தை மருத்துவர் ஆராய்ந்தபோது, 13 சதவீதத்தினருக்கு உப்புச்சத்து இருக்க வேண்டிய அளவுக்குக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை குறைவதற்கு மாறாக எடை கூடும் அளவுக்கு நீர் அருந்தியதே அதற்கு முதன்மையான காரணம். அறிவு தடுமாறுவது இந்நோயின் அடையாளங்களுள் ஒன்று. வெயிலால் உடல் கொதிப்பதற்கும் அதுவே அடையாளம். தடுமாறுபவர் தம் தடுமாற்றத்தைத் தாமே உணர்வதில்லை. அருகில் இருப்பவரே உணர்வார். உங்கள் தோழர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாலும், நேர்கோட்டில் ஓட முடியாமல் சாய்ந்தாலும், உடனே நிறுத்தி மருத்துவ உதவியிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் மறுப்பார். அந்த மறுப்பை ஏற்க வேண்டாம். துணை என்பதன் உச்சமான பயன் இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது. இங்கே அது உயிரையே காக்கக்கூடும்.

இப்போது கடினமான வினாவுக்கு வருகிறேன். நோய் இல்லை, வெறும் தளர்ச்சிதான். ஒருவரால் ஓட முடியவில்லை. மற்றவர் என்ன செய்வது?

2017-ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானில், அரண்மனை நோக்கிச் செல்லும் மால் என்னும் சாலையில், எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஒரு ஓட்டக்காரரின் கால்கள் துவண்டு மடிந்தன. முன்பின் அறியாத மற்றொருவர் தம் ஓட்டத்தை நிறுத்தி, அவர் தோளைத் தாங்கி, பேசித் தேற்றி, எல்லை வரை அழைத்துச் சென்றார். தம் நேரத்தை அவர் பொருட்படுத்தவில்லை. 1908-இல் பியெட்ரிக்குக் கிடைத்த அதே வகை உதவிதான் இது. ஆனால் இம்முறை உலகமே இருவரையும் வாழ்த்திற்று. ஏன் இந்த வேற்றுமை? பியெட்ரியோடு முதற்பரிசு பிணைந்திருந்தது. அவரைத் தாங்கினால் மற்றொருவரின் உரிமை பறிபோகும். 2017-இல் அந்த இருவர் எவருடைய பரிசையும் பறிக்கவில்லை. உதவி முறையா, முறைகேடா என்பதை அறிய இதுவே நல்ல உரைகல்: நாம் கொடுப்பது நம்முடைய பொருளா, பிறருடைய பொருளா?

இன்றைய உலகத் தடகள விதியும் இதனைத் தெளிவாக்குகிறது. விழுந்தவர் எழுந்து நிற்கச் சக ஓட்டக்காரர் உதவலாம். ஆனால் தாங்கி முன்னே செலுத்துவது முறையான உதவி ஆகாது. வேகம் காட்டுபவர்க்கும் வரையறை உண்டு. 2019 அக்டோபர் 12-ஆம் நாள் வியன்னா நகரில் கென்யாவின் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடினார். 41 பேர் முறைவைத்து மாறி மாறி அவரைச் சூழ்ந்து ஓடிக் காற்றை மறைத்தனர். வியத்தகு செயல் அது. ஆயினும் ஓட்டத்தின் நடுவே புதியவர் புதியவராக உள்ளே வந்து வேகம் காட்டியமை முதலான காரணங்களால், அது உலகச் சாதனைப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. ஒரே கோட்டில் தொடங்கியவர்களே ஒருவர்க்கொருவர் துணையாகலாம் என்பதே இதன் கருத்து.

விதியும் அன்பும் நேருக்கு நேர் மோதிய நிகழ்ச்சி ஒன்று 2024 செப்டம்பர் 8-ஆம் நாள் பாரிஸ் பாராலிம்பிக் மாரத்தானில் நிகழ்ந்தது. பார்வைக் குறைவுடையோர் ஓடும்போது அவரும் வழிகாட்டியும் ஒரு சிறு கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவர். வழிகாட்டி அவரை இழுக்கவோ தள்ளவோ கூடாது; அவருக்கு முன் எல்லைக்கோட்டைக் கடக்கவும் கூடாது; கயிற்றை இறுதிவரை விடலாகாது. ஸ்பெயின் நாட்டு எலெனா காங்கோஸ்ட் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். நான்காவதாக வந்தவர் மூன்று நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தார். எல்லைக்குச் சில அடி தூரமே இருக்கையில், அவருடைய வழிகாட்டிக்குத் தசைப்பிடிப்பு ஏற்பட்டு விழுமாறு தள்ளாடினார். காங்கோஸ்ட் ஒரு கணம் கயிற்றை விட்டு அவரைத் தாங்கினார். பின் இருவரும் எல்லையைக் கடந்தனர். கயிற்றை விட்ட குற்றத்துக்காக அன்றைய முடிவுப் பட்டியலிலிருந்து அவர் நீக்கப்பட்டார். மூன்றாம் இடம் ஜப்பானின் மிசாட்டோ மிச்சிஷிட்டாவுக்குச் சென்றது.

இதைப் படித்த இளைஞர் சிலர் விதியை ஏசினர். என் கருத்து வேறு. கயிற்றை விடலாகாது என்ற விதி, துணையைப் பொருளாகப் பயன்படுத்தி எறிந்துவிடாமல் காப்பதற்காகவே அமைந்தது. அதைத் தம் விருப்பம் போல் வளைக்க நடுவருக்கு உரிமை இல்லை. அதே வேளையில் காங்கோஸ்ட் செய்ததும் சரியே. மூன்று மணி நேரம் தமக்குக் கண்ணாக இருந்தவர் விழும்போது கையை நீட்டாமல் இருக்க ஒரு நல்ல மனிதரால் முடியுமா? விதி தவறு, அல்லது அவர் தவறு என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. சில நற்செயல்களுக்கு விலை உண்டு. அவ்விலை இருப்பதாலேயே அவை நற்செயல்கள் என்று அறிகிறோம்.

உங்களுக்கு நான் கூறும் வழி எளியது. ஓட்டத்துக்கு முந்திய நாள் துணைவர் இருவரும் அமர்ந்து மூன்று வினாக்களுக்கு விடை கண்டுவிடுங்கள். முதலாவது: நம்மில் ஒருவர் தளர்ந்தால் மற்றவர் உடன் நடப்பதா, முன்னே செல்வதா? இரண்டாவது: இருவரும் நலமாக இருந்தால் கடைசிப் பகுதியில் விரைந்து போட்டியிடலாமா, ஒன்றாகவே முடிப்பதா? மூன்றாவது: ஒருவர் ஓட்டத்தைக் கைவிட நேர்ந்தால் மற்றவர் தொடர்வதா? இவற்றுக்கு எந்த விடையும் தவறு அன்று. “நான் தளர்ந்தால் நீ போய்விடு” என்பதும் நட்பே. “எவ்வளவு நேரமானாலும் சேர்ந்தே” என்பதும் நட்பே. தவறு எதுவென்றால், 35-ஆம் கிலோமீட்டரில், சர்க்கரை தீர்ந்த மூளையோடும் எரியும் கால்களோடும், அவ்விடையை முதன்முதலாகத் தேடுவது. அந்நிலையில் செல்பவர் குற்ற உணர்வோடு செல்வார். நிற்பவர் மனக்கசப்போடு நிற்பார்.

இத்தகைய ஓட்டங்கள் இன்று நம் நாட்டிலும் பெருகியுள்ளன. மும்பையில் 2004-ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவருகிறது, சென்னையிலும் நடைபெறுகிறது. முழுத் தூரத்துக்கு அவசரம் வேண்டாம். 5 கிலோமீட்டரில் தொடங்குங்கள். 10 கிலோமீட்டருக்கு உயருங்கள். மருத்துவரிடம் உடலைக் காட்டி இசைவு பெறுங்கள். நம் வெப்ப நாட்டில் கதிரவன் உச்சிக்கு ஏறுமுன் பயிற்சியை முடித்துவிடுங்கள்.

நெடுந்தூரம் ஓடியவர் பலர்க்கும் சில ஆண்டுகள் கழிந்தபின் தம் நேரம் மறந்துபோகும். உடன் ஓடியவர் மறப்பதில்லை. தம் வேகத்தைக் குறைத்து ஒருவர்க்கு நிகராக நடக்கக் கற்றவர், வகுப்பறையிலும் அலுவலகத்திலும் இல்லத்திலும் அதே பண்பைக் காட்ட வல்லவராவார். மெதுவாக நடக்கும் பெற்றோருடன் சாலையைக் கடக்கும்போதும், பாடம் விளங்காத நண்பனுக்கு இரண்டாம் முறை சொல்லிக்கொடுக்கும்போதும் அப்பயிற்சி அவருக்குத் துணை நிற்கும்.